திருநகர் வீட்டு மாடியில் 3 கிலோவாட்: பெயர் மாற்றம் முதல் நெட் மீட்டர் வரை

அப்பா 2021இல் இறந்த பிறகும் மதுரை திருநகர் வீட்டின் மின் இணைப்பு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் பெயரிலேயே இருந்தது. கட்டணம் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்ததால் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. 2025 தை மாதத்தில் மாடியில் சூரிய மின்தகடுகள் போடலாம் என்று முடிவு செய்து, பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் அம்மாவின் பெயரில் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான், வேலை மாடியில் தொடங்குவதில்லை, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது என்று புரிந்தது.

இந்தத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீடு ஒன்றுக்கு 78,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் யாருடைய கணக்குக்கு வரும், அதற்கு எந்தெந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதை எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இணையதளத்தில் மாநிலத்தையும் மின்பகிர்மானக் கழகத்தையும் தேர்ந்தெடுத்து மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் திரையில் வந்து நிற்கிறது. மதுரை மண்டலத்தின் இணைப்பு எண்கள் 05 என்று தொடங்கும். அந்த இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டு எண்ணைத் தட்டினால் எதுவும் வராது. நாங்கள் சரியாகத் தட்டினோம், அப்பாவின் பெயர் வந்தது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது அம்மாவின் ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தோம். அத்துடன் இணைப்பும் அம்மா பெயருக்கு மாறிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அது தவறு. ஆதார் இணைப்பு வேறு, பெயர் மாற்றம் வேறு. இதே நம்பிக்கையில் இருக்கும் வீடுகள் எங்கள் பகுதியில் இன்னும் பல இருக்கின்றன.

பெயர் மாற்றத்துக்கு இணையவழியில் விண்ணப்பித்தோம். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது ஆகியவற்றுடன், பெங்களூரில் இருக்கும் அண்ணனும் நானும் அம்மாவின் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அண்ணனின் கையெழுத்துக்காக மட்டும் பத்து நாள் காத்திருந்தோம். பெயர் மாறி வர ஐந்து வாரங்கள் ஆயின. அந்த இடைவெளியில் அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம், புதிய மின் இணைப்பு ஆகிய மூன்றிலும் முன்னெழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். ஆதாரில் பெயருக்குப் பின்னாலும் வங்கியில் பெயருக்கு முன்னாலும் இருந்தது. வங்கிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அதையும் சரிசெய்தோம். மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருவதால், கடைசியில் தேடி அலைவதைவிட முதலிலேயே ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்குவது மேல்.

அனுமதிக்கப்பட்ட மின்சுமை அடுத்த கேள்வி. அப்பா வீடு கட்டிய காலத்தில் வாங்கிய இணைப்பு, அட்டையில் மிகக் குறைந்த சுமையையே காட்டியது. நாங்கள் போட நினைத்ததோ மூன்று கிலோவாட். 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, பத்துக் கிலோவாட் வரையிலான மாடிச் சூரிய மின்சார விண்ணப்பங்கள், முழுமையாக இருந்தால், தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். தேவையான அளவுக்கு மின்சுமையை உயர்த்துவதும் பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பு. உயர்த்திய சுமைக்கான கட்டணமும் வைப்புத்தொகையும் மட்டும் செலவுக் கணக்கில் சேர்ந்தன. ஒரு முனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பே போதுமானதாக இருந்தது.

மூன்று கிலோவாட் என்ற அளவை இரண்டு ஆண்டுக் கட்டணப் பட்டியல்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்து முடிவு செய்தோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2025இல் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் 480 யூனிட்டும் கோடையில் 640 யூனிட்டும் ஆனது. 500 யூனிட்டைத் தாண்டியவுடன் மேல் படிகளின் விலை ஏறுவதோடு கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைவதால், கோடைக் கட்டணம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. மாதம் 150 முதல் 300 யூனிட் வரை செலவாகும் வீட்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோவாட் பொருத்தம் என்பது திட்டத்தின் வழிகாட்டுதல். இரண்டே போதும் என்று அண்ணன் சொன்னார். அம்மாவின் அறைக்கு ஏசி வைத்த பிறகு கோடைச் செலவு குறையப்போவதில்லை என்பதால் நான் மூன்றுக்கு நின்றேன். நாங்கள் பேசி முடித்த விலை 1,95,000 ரூபாய். பிணையில்லாக் கடனுக்கும் திட்டத்தில் வழி இருக்கிறது. அப்பாவின் சேமிப்பு இருந்ததால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

விலைப்பட்டியலில் நான் இரண்டு வரிகளைக் கூர்ந்து படித்தேன். தகடுகள் உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்டு உள்நாட்டிலேயே தயாரானவையாக இருந்தால்தான் மானியம் உண்டு. மானியம் கணக்கிடும்போது தகடுகளின் மொத்தத் திறன், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வந்த முதல் விலைப்பட்டியலில் 540 வாட் தகடுகள் ஆறும் இரண்டரைக் கிலோவாட் இன்வெர்ட்டரும் இருந்தன. அதை ஏற்றிருந்தால் மூன்றாவது கிலோவாட்டின் மானியத்தில் பாதி போயிருக்கும். மூன்று கிலோவாட் இன்வெர்ட்டராக மாற்றி எழுதச் சொன்னேன். தகடுகள் வந்து இறங்கிய அன்று ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, சான்றிதழில் உள்ள எண்களுடன் ஒப்பிட்ட பிறகே மேலே ஏற்ற விட்டேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் முழுப் பெருமையும் அம்மாவுக்கே. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருப்பதால், தகடுகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்வில் வைப்பது வழக்கம். தை மாதத்து வெயிலில் நான் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு முறை மாடியில் சாக்பீஸால் நிழலின் விளிம்பைக் குறித்தேன். வடமேற்கு மூலையில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல், தகடுகளுக்காக ஒதுக்கிய இடத்தை ஒருபோதும் தொடவில்லை. நிறுவ வந்தவர்களும் அதே இடத்தையே சொன்னார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வைகாசியில வத்தல் காயப்போட்டா நாலு மணிக்கு மேல இந்த மூலையில தொட்டி நிழல் வந்துரும். முப்பது வருசமா தட்டைக் கிழக்க நகத்தி வைக்கிறவ நானு" என்றார்.

அவர் சொன்னது வானியல்படியே சரி. ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாளும் மதுரையில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. தை, மாசியில் தென்புறச் சூரியனை மட்டும் பார்த்துவிட்டு நிழலைக் குறித்தால் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டுவிடுவோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே இருபது பாகைக்கும் மேல் விலகி, சுமார் 36 பாகை உயரத்தில் இருக்கும். தகட்டு மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் உயர்ந்திருக்கும் தொட்டியின் நிழல் அப்போது தென்கிழக்கு நோக்கி ஏறத்தாழ 2.75 மீட்டர் நீளும். அது கடைசித் தகட்டை முழுதாக மூடியிருக்கும். தகடுகள் வரிசையாக ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மீது விழும் நிழல் அந்த ஒன்றின் உற்பத்தியோடு நிற்பதில்லை. அந்தத் தகட்டு வரிசை முழுவதும் அதன் தொல்லை தெரியும். தகடுகளைத் தாங்கும் சட்டத்தை மூன்று மீட்டர் கிழக்கே தள்ளிப் போடச் சொன்னோம். மேற்கு மூலை வத்தலுக்கென்று அம்மாவிடமே இருந்துவிட்டது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் இரண்டு நாளில் நிறுவல் முடிந்தது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 28 கிலோ எடை. படிக்கட்டு குறுகல் என்பதால் கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலேற்றினார்கள். நேர்மின் (DC) பக்கத்துக்கு ஒன்று, மாறுமின் (AC) பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று எர்த் குழிகள் தனித்தனியாகத் தோண்டப்பட்டன. குழி தோண்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றையும் ஒரே குழியில் இறக்கி மண்ணை மூடிவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆறு தகடுகளின் திறந்த சுற்று மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட். சூரியன் இருக்கும்வரை அதை அணைக்க எந்தச் சுவிட்சும் இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தகட்டு இணைப்பியைக் கழற்றினால் தீப்பொறி நின்று எரியும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி, இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில், உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் தனித்தனியாகப் பதியும் இருவழி மீட்டர் (நெட் மீட்டர்) வைக்கப்பட்டது. ஆய்வு முடிந்து, இயக்கத்துக்கு வந்ததற்கான அறிக்கை இணையதளத்தில் ஏறியதும் அம்மாவின் வங்கி விவரங்களைக் கொடுத்தோம். மே மாதத்தில் 78,000 ரூபாய் வந்து சேர்ந்தது.

இருவழி மீட்டரைப் படிப்பதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் பட்டியல் வந்தபோது அண்ணனே தொலைபேசியில் குழம்பினார். முதல் இரண்டு மாதங்களில் இன்வெர்ட்டர் காட்டிய மொத்த உற்பத்தி 720 யூனிட். மீட்டரில் வெளியே போனதாகப் பதிவானது 480, உள்ளே வந்தது 390. மீதி 240 யூனிட் எங்கே போனது என்று கேட்டார். பகலில் மோட்டாரும் ஃபிரிட்ஜும் மின்விசிறிகளும் உற்பத்தியை நேரடியாக எடுத்துக்கொள்ளும்போது அந்த மின்சாரம் மீட்டரைக் கடப்பதே இல்லை. அதனால் இரண்டு கணக்கிலும் அது வராது. வீட்டின் உண்மையான செலவு, உள்ளே வந்த 390உடன் அந்த 240ஐக் கூட்டிய 630 யூனிட். கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் உள்ள வேறுபாடு. எங்களுக்கு 90 யூனிட் மிகையாகி, அடுத்த கணக்கில் வரவாகச் சேர்ந்தது.

சூரிய மின்சாரம் போட்டவர்கள் மாவரைப்பதையும் துணி துவைப்பதையும் பகலுக்கு மாற்றினால் கட்டணம் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நிகர மீட்டர் முறையில் அந்த மாற்றத்தால் கழித்தலின் விடை மாறாது. அம்மாவுக்குக் காலை ஐந்து மணிக்கு மாவரைப்பதுதான் பழக்கம். அதை மாற்றச் சொல்லி அவரை நான் வற்புறுத்தவில்லை.

மின்தடையின்போது இந்த அமைப்பு வேலை செய்யாது என்பதையும் முன்பே சொல்லி வைப்பது நல்லது. தெருவில் மின்சாரம் நின்றவுடன், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை அறிவிக்கும் நாளில், நல்ல வெயில் இருந்தும் எங்கள் மாடியில் உற்பத்தி இல்லை.

ஜூன் கடைசியில் பழுது ஒன்று வந்தது. மேகமே இல்லாத நாட்களிலும் அன்றாட உற்பத்தி 12 யூனிட்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. முதலில் மயில்களைத்தான் சந்தேகித்தேன். திருப்பரங்குன்றத்துப் பக்கத்தில் இருப்பதால் அவை எங்கள் மாடிக்குத் தவறாமல் வருகின்றன. தகட்டில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரால் கழுவினோம். போர் தண்ணீரால் கழுவினால் உப்புப் படிந்து அதுவே ஒரு திரையாகிவிடும். கழுவியும் மாற்றம் இல்லை. இன்வெர்ட்டரின் செயலியில் அன்றைய உற்பத்தி வரைகோட்டைத் திறந்து பார்த்தேன். காலையில் ஒழுங்காக ஏறிய கோடு, பதினொன்றரை முதல் ஒன்றரை வரை பல முறை அடிவரை விழுந்து எழுந்திருந்தது. ஒவ்வொரு விழுதலுக்கும் நேராக மின்கட்டமைப்பின் (தெரு மின்சாரத்தின்) மின்னழுத்தம் மிகை என்ற குறிப்பு இருந்தது.

மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டுத் தொழில்நுட்ப விதிகளின்படி, இணைப்பு மின்னழுத்தம் இயல்பு அளவின் 110 விழுக்காட்டைத் தாண்டினால் இப்படிப்பட்ட கருவி இரண்டு விநாடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கு அந்த எல்லை 253. நிறுவியவர்களை அழைத்தேன். வந்தவர், இன்வெர்ட்டரின் அமைப்பில் எல்லையை உயர்த்திவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவள் என்ற முறையில், முதலில் அளந்து பார்க்காமல் எந்த எல்லையையும் தொடக்கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் நண்பகலில், எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனை மெயின் போர்டில் ஒரு மல்டிமீட்டருடன் நிற்கச் சொல்லிவிட்டு, நான் இன்னொன்றுடன் இன்வெர்ட்டருக்கு அருகில் நின்றேன். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளந்தோம். கீழே 246 வோல்ட், மேலே 254. தெருக் கம்பி கொடுத்த மின்னழுத்தம் எல்லைக்குள்தான் இருந்தது. எட்டு வோல்ட் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஏறியிருந்தது. உற்பத்தியாகும் மின்சாரம் வெளியே போக வேண்டுமானால், கம்பியின் தடையைக் கடக்கும் அளவுக்கு இன்வெர்ட்டர் தன் முனையில் அழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. கம்பி மெலிந்தால் அந்த உயர்வு கூடும்.

மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இன்வெர்ட்டரிலிருந்து மெயின் போர்டுக்குப் புதுக் கம்பி இழுக்காமல், மாடி அறையின் பிளக்குக்கு அப்பா காலத்தில் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியோடு இணைத்திருந்தார்கள். அந்தக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போகவும் வரவும் ஐம்பது மீட்டர் என்றால் 0.6 ஓம். நண்பகலில் ஓடும் 11 ஆம்பியருக்கு அதுவே ஏழு வோல்ட்டுக்கு அருகில் வரும். மிச்சம் ஒரு வோல்ட், போர்டில் சரியாக இறுக்கப்படாத ஒரு திருகில் இருந்தது. அதைச் சுற்றி ஞெகிழி உறை பழுப்பேறியிருந்தது. சுவருக்குள் போகும் குழாயில் எழுபது வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கரைந்துகொண்டிருந்தது. எல்லையை உயர்த்தியிருந்தால் உற்பத்தி கூடியிருக்கும், வெப்பமும் கூடியிருக்கும், எங்களுக்கு எச்சரிக்கை மட்டும் வராமல் போயிருக்கும். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பதற்றம் வருகிறது.

மாலையில், உற்பத்தி முழுவதும் நின்ற பிறகு, இருபக்கச் சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். வெளிச்சுவர் வழியாகத் தனிக் குழாயில் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை நேராக மெயின் போர்டுக்கு இழுத்தோம். கம்பி முனைகளுக்கு லக் எனும் உலோக முனையுறை போட்டு அழுத்தினோம். பழுப்பேறிய சுவிட்சையும் மாற்றினோம். மறுநாள் நண்பகலில் மறுபடி அளந்தபோது கீழே 246, மேலே 248. அதன்பின் அந்தக் குறிப்பு வரவில்லை. நிறுவியவர்கள் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள். விலைப்பட்டியலில் தகட்டின் பெயரும் இன்வெர்ட்டரின் பெயரும் இருந்தன. மெயின் போர்டு வரையிலான கம்பியின் பருமன் இல்லை. அதை எழுதி வாங்காதது என் குறை. இப்போது யார் கேட்டாலும் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி நாளுக்கு எட்டு யூனிட் அளவுக்கு இறங்கியது. சில நாள் மூன்றுகூட வந்தது. அந்தக் கணக்கில் உள்ளே வந்தது வெளியே போனதைவிட 80 யூனிட் அதிகம். முந்தைய வரவு இருந்ததால் அதற்கும் கட்டணம் வரவில்லை.

எதிர்வீட்டு அத்தை எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தங்கள் மாடியிலும் போட வேண்டும் என்றார். அவர்களுடைய இணைப்பு இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் துபாயில். விலைப்பட்டியல் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லி, சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒப்புதல் கடிதத்தை ஐந்து படிகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றில் கையெழுத்து வந்துவிட்டது.